கட்டாத தொட்டில்

தமிழ் இந்துக் குடும்பங்கள் பலவற்றில் தலைப்பிரசவத்துக்கு, அதாவது முதற்பேற்றுக்கு, முந்தைய மாதங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை போலத் தோன்றும் இரண்டு நடத்தைகளைக் காணலாம். பெண்ணின் கைக்கு வளையல், தலைக்குப் பூ, வாய்க்குப் புளிப்பும் இனிப்பும் என்று வீடு முழுவதும் அவளைச் சுற்றியே இயங்குகிறது. வரப்போகும் குழந்தைக்கென்றோ எதுவும் வாங்கப்படுவதில்லை, பெயர் முடிவுசெய்யப்படுவதில்லை, தொட்டில் கட்டப்படுவதில்லை. பல முறை துவைத்து மெத்தென்று ஆகிப்போன பழைய வேட்டிகளும் பருத்திச் சேலைகளும் மட்டும் கிழித்து, வெயிலில் காயவைத்து, மடித்து வைக்கப்படுகின்றன. அவையும் பிரசவத்துக்கு என்ற பெயரில்தான், குழந்தைக்கு என்ற பெயரில் அல்ல. வீட்டில் முன்பே ஒரு தொட்டில் இருந்தாலும் அதை வெறுமனே ஆட்டக்கூடாது என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். இந்த ஒதுங்கலைக் கண்ணேறு பற்றிய அச்சம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆயினும், இன்னும் வந்து சேராத ஓர் உயிருக்காக மனிதர் எவ்வளவு தூரம் ஆயத்தமாகலாம், எந்த இடத்தில் அந்த ஆயத்தம் அவ்வுயிரின் மீது உரிமை கொண்டாடுவதாக மாறிவிடுகிறது என்ற பழைய கேள்வி ஒன்று இந்தக் கட்டாத தொட்டிலுக்குள் கிடக்கிறது.

பேச்சு வழக்கே இதற்கு முதல் சான்று. மாதவிலக்குக்குப் பின் தலைமுழுகும் முறை வராமற்போனதைக் குறித்து 'முழுகாமல் இருக்கிறாள்' என்பார்கள். 'நாள் தள்ளிப்போயிருக்கிறது', 'வாயும் வயிறுமாக இருக்கிறாள்', 'உண்டாகியிருக்கிறாள்' என்பனவும் உண்டு. இவற்றுள் எதிலும் குழந்தை பேசப்படுவதில்லை. உண்டாதல் என்பது இல்லாதிருந்த ஒன்று இருப்புக்கு வருதலைக் குறிக்கும் வினையாக இருக்க, அந்த வாக்கியத்தின் எழுவாயாக நிற்பவள் பெண்; இலக்கணப்படி பார்த்தால் உண்டாகியிருப்பது கரு அன்று, அவள்தான். 'ஈருயிர்க்காரி' என்ற சொல் இரண்டாவது உயிரைக் கணக்கில் சேர்க்கிறதே தவிர, அதை அழைப்பதில்லை. பிறந்த குழந்தைக்கு உரைத்துக் கொடுப்பதற்காக வீடுகளில் வைத்திருக்கப்பட்ட வசம்புக்கும்கூடப் 'பேர் சொல்லாதது' என்று ஒரு பெயர் வழங்கியது தற்செயலோ என்னவோ, கூச்சத்தின் திசை ஒன்றாகவே இருக்கிறது.

வடமொழிச் சடங்கு நூல்களான கிருகிய சூத்திரங்களில், அதாவது இல்லறத்தார் செய்ய வேண்டியவற்றை வகுத்த நூல்களில், இதே கேள்வி வெளிப்படையான வழக்காகவே எழுந்திருக்கிறது. அவை பிறப்புக்கு முன் செய்யத்தக்கவையாகக் கூறும் சடங்குகளுள் பும்சவனம், சீமந்தம் என்ற இரண்டும் முக்கியமானவை. சீமந்தோந்நயனம் என்பதன் நேர்ப்பொருள் வகிட்டை மேல்நோக்கி எடுத்தல். கணவன் மூன்று வெண்புள்ளிகள் கொண்ட முள்ளம்பன்றி முள்ளையும் தருப்பைக் கற்றையையும் காயோடு கூடிய அத்திக் கொத்தையும் கொண்டு மனைவியின் கூந்தலை வகிர்ந்துவிட, அருகில் வீணைக்காரர் பாட வேண்டும் என்பது விதி. இச்சடங்கு யாருக்கு உரியது என்பதில் பின்வந்த அறநூலார் இரண்டாகப் பிரிந்தனர். கருவுக்குச் செய்யும் தூய்மை என்றால் ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியே செய்தாக வேண்டும். கருவைத் தாங்கும் பெண்ணுக்குச் செய்யும் தூய்மை என்றால் முதல் முறை செய்ததே அவள் வாழ்நாள் முழுவதற்கும் போதும். முன்னது கர்ப்ப சம்ஸ்காரம், பின்னது க்ஷேத்திர சம்ஸ்காரம் என்று பெயர் பெற்றன. க்ஷேத்திரம் என்றால் விளைநிலம். பெண்ணை நிலமாக்கும் அந்த உவமை இன்று காதுக்கு இனிமையாக இல்லை என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தரப்பு வாதித்ததன் பயன் விந்தையானது: சடங்கின் நடுவில் குழந்தையை வைக்காமல் தாயை வைத்தது அதுவே.

தமிழ்நாட்டு வளைகாப்பு இவ்வழக்கில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் ஐயமில்லை. ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதமொன்றில், பெரும்பாலும் முதல் சூலுக்கு மட்டும், பெண்கள் கூடிச் செய்யும் இச்சடங்கில் மந்திரத்துக்கோ புரோகிதருக்கோ கட்டாயமான இடம் இல்லை. கன்னத்தில் சந்தனம், நெற்றியில் குங்குமம், வேப்பங்கொழுந்தை வளைத்துச் செய்த முதல் காப்பு, அதன்மேல் கை கொள்ளும் அளவுக்குச் சிவப்பும் பச்சையுமான கண்ணாடி வளையல்கள், பின்பு புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், வெல்லம் என்று சுவைக்கொன்றாகக் கலந்த சோறு. இவை முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். காப்பு என்ற தமிழ்ச்சொல் கையணியையும் குறிக்கும், காவலையும் குறிக்கும். நூலின் முதலில் இடையூறு வாராதிருக்கப் பாடும் செய்யுளையும் அது குறிக்கும். வரப்போகும் நூலுக்கு முன் காப்புச் செய்யுள் நிற்பதுபோல, வரப்போகும் பிறப்புக்கு முன் வளைகாப்பு நிற்கிறது என்று சொல்லலாம். நூல் என்ன சொல்லும் என்பதைக் காப்புச் செய்யுள் தீர்மானிப்பதில்லை.

பும்சவனம் அப்படிப்பட்டதன்று. ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில் ஆலின் முளையை இடித்துப் பிழிந்த சாற்றைப் பெண்ணின் வலது மூக்குத்துளையில் விடும் அச்சடங்கின் பெயரிலேயே ஆண் என்று பொருள்படும் சொல் இருக்கிறது. கருவில் இருப்பது மகனாக அமைய வேண்டும் என்பதே அதன் வெளிப்படையான நோக்கம். திருக்குறளின் ஏழாம் அதிகாரத்தை 'மக்கட்பேறு' என்று வழங்குவாரும் உண்டு, பரிமேலழகரைப் பின்பற்றிப் 'புதல்வரைப் பெறுதல்' என்று வழங்குவாரும் உண்டு. முனிவர், தேவர், தென்புலத்தாராகிய முன்னோர் என்னும் மூவருக்கும் பட்ட கடன்களுள் முன்னோர் கடன் புதல்வரைப் பெறுவதால் தீரும் என்று அவ்வதிகாரத்தின் முன்னுரையில் பரிமேலழகர் விளக்கும்போது, பிறக்கும் முன்பே குழந்தையின் தோளில் ஒரு கணக்குப் புத்தகம் ஏற்றப்பட்டுவிடுகிறது. ஆக, குழந்தையை வனைய முற்படும் ஆயத்தம், குழந்தைக்கு வழிவிடும் ஆயத்தம் என்று இரண்டு போக்குகள் ஒரே மரபின் உள்ளேயே அருகருகே ஓடுகின்றன. இவற்றுள் இரண்டாவதே மெய்யியல் அடிப்படையில் வலுவுடையது.

அந்த வலு எங்கிருந்து வருகிறது என்பதை அறியச் சைவ சித்தாந்தத்தை முதலில் நோக்கலாம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாக்களில் வகுத்த சிவஞானபோதத்தின் வழிவந்த இச்சித்தாந்தத்தில் பதியாகிய இறை, பசுவாகிய உயிர், பாசமாகிய தளை ஆகிய மூன்றும் அநாதி, அதாவது தொடக்கம் அற்றவை. உயிரை இறைவனும் படைப்பதில்லை. தனு, கரணம், புவனம், போகம், அதாவது உடல், அகக்கருவிகள், வாழுமிடம், நுகர்ச்சி என்னும் நான்கையும் அதன் வினைக்கு ஏற்ப மாயையிலிருந்து அமைத்துக் கொடுப்பதே இறைவன் செயல். இறைவனுக்கே உயிரைப் படைத்த உரிமை இல்லை என்று சொல்லும் ஒரு தத்துவத்தில் பெற்றோருக்கு அவ்வுரிமை எங்கிருந்து வரும்? தொட்டிலில் வந்து படுக்கப்போகும் உயிர் அவ்வீட்டுப் பாட்டியைக் காட்டிலும் இளையதன்று. வயது என்று ஒன்றைக் கூற முடியாத அளவுக்குப் பழையது. முப்பது வயதுக்குள் இருக்கும் இருவர் அத்தகைய ஒன்றுக்கு அறை ஒழித்து வைக்கிறார்கள் என்பதே சித்தாந்தப்படி நிலைமை.

மருத்துவ நூலும் இதையே வேறு கணக்கில் சொல்கிறது. சரக சங்கிதையின் உடல் பற்றிய பகுதி, கரு உருவாவதற்குத் தாய், தந்தை, ஆன்மா, உடலுக்கு ஒத்துப்போகும் பழக்கம், உணவின் சாறு, இவற்றோடு மனம் என்று பல மூலங்களைப் பிரித்துக் காட்டி, தோல், குருதி, தசை முதலியவற்றைத் தாய்வழிப் பங்காகவும், எலும்பு, பல், நகம், முடி முதலியவற்றைத் தந்தைவழிப் பங்காகவும் ஒதுக்குகிறது. ஆயுளையும் இன்ன வயிற்றில் பிறப்பது என்பதையும் ஆன்மாவின் பங்கில் சேர்க்கிறது. பாகப் பிரிவினைப் பத்திரம் போன்ற இந்தப் பட்டியல் உடற்கூற்றியலாக இன்று நிற்காது; ஆயினும் பெற்றோரின் பங்குக்கு ஓர் எல்லை வரைந்தது என்ற அளவில் கவனிக்கத்தக்கது. பௌத்த மச்சிம நிகாயத்தின் மகா தண்ஹாசங்கய சுத்தம், தாய் தந்தையர் சேர்க்கை, தாயின் உரிய பருவம் ஆகிய இரண்டும் போதா, கந்தப்பம் எனப்படும், பிறக்கக் காத்திருக்கும் மூன்றாவது ஒன்றும் வந்து நின்றால்தான் கரு அமையும் என்கிறது. முற்பிறவியை ஏற்காத இசுலாமியரிடையே 120 நாள் கழிந்தபின் வானவர் ஒருவர் கருவில் ரூஹ் என்னும் உயிரை ஊதுகிறார் என்ற நபிமொழி வழியான கருத்து உண்டு. உயிர் பழையதா புதியதா என்பதில் இவை முற்றிலும் மாறுபட்டாலும், அது பெற்றோரிடமிருந்து வந்ததன்று என்பதில் ஒன்றுபட்டு நிற்பது வியப்புக்குரியது.

மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் ஒரு படி மேலே செல்கிறது. மாதம் மாதமாகக் கருவுக்கு நேரும் இடர்களை அடுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் தப்பிப் பிழைத்ததாகக் கூறும் அப்பகுதியில் பேசுவது பிறந்து வளர்ந்த உயிர். வெளியே வளையல் அடுக்கி மகிழும் குடும்பம் அதன் பார்வையில் இல்லை. கர்ப்போபநிடதம் என்ற சிறுநூல், ஒன்பதாம் மாதத்தில் கருவிலுள்ள உயிர் தன் முற்பிறவிகளை எல்லாம் நினைத்து, இம்முறை வெளியேறினால் இறைவனைச் சரணடைவேன் என்று உறுதி பூணுவதாகவும், பிறக்கும் கணத்தில் ஒரு காற்றுத் தீண்ட அனைத்தையும் மறப்பதாகவும் கூறுகிறது. இக்காற்றையே வைணவ மரபு சடம் என்னும் வாயுவாகக் கொண்டு, அதைச் சினந்து விலக்கியதால் நம்மாழ்வாருக்குச் சடகோபன் என்ற பெயர் வந்தது என்று விளக்குகிறது. அழாமலும் பால் உண்ணாமலும் இருந்த அக்குழந்தையைப் பெற்றோர் திருக்குருகூர்க் கோயிலின் புளியமரத்தடியில் விட்டதாகவும், அங்கே 16 ஆண்டுகள் மௌனமாக இருந்ததாகவும் குருபரம்பரைக் கதைகள் சொல்லும். புராணச் செய்தியாகவே இதை எடுத்துக்கொண்டாலும், அதிலுள்ள கசப்பான உண்மை தெளிவு: மறக்காத குழந்தை வீட்டுக்குப் பயன்படாது. எல்லாப் பெற்றோரும் தாம் அறியாமலே வேண்டிக்கொள்வது அந்தக் காற்று தவறாமல் வீச வேண்டும் என்பதைத்தான்.

பிறவாத குழந்தைக்கென்று இந்த வழிவிடும் மரபு நேரடியாகச் செய்யும் ஆயத்தம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் தாயின் வாய் வழியாகவே நடக்கிறது. நான்காம் மாதம் முதல் கருவின் இதயம் தெளிவுறுவதால் பெண் இரண்டு இதயம் உடையவள் ஆகிறாள் என்றும், அப்போது அவளுக்கு எழும் விருப்பங்கள் கருவின் விருப்பங்கள் என்றும், அவற்றை மறுத்தால் கரு கெடும் என்றும் சுசுருத சங்கிதை கூறுகிறது. மசக்கைக்காரி கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும் என்ற வீட்டுவிதியின் நூல்வடிவம் இது. சங்கத் தமிழ் இந்த வேட்கையை வயா என்றது. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் புறநானூற்று 20ஆம் பாட்டு, அவன் நாட்டு மண்ணைச் சூல்கொண்ட பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே அன்றிப் பகைவர் உண்ண முடியாது என்று, ஓர் அரசனின் காவலைச் சொல்ல மசக்கையைத் துணைக்கு அழைக்கிறது. மண் தின்னும் வேட்கையை இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புபடுத்தி இன்றைய மருத்துவர் கவலைப்படுவது நியாயமே. எனினும் மரபு இதில் கண்ட பொருள் வேறு: வீட்டில் யாரும் கேளாத ஒன்றைப் பெண் திடீரென்று கேட்கும்போது, அவளிடமிருந்து பேசுவது இன்னொருவர் என்று ஒப்புக்கொண்டு, அந்த அறியாத விருந்தாளியின் முதல் சொல்லுக்குச் செவிகொடுத்தது. தன் விருப்பத்துக்காக அதுவரை வாய்திறவாதிருந்த மருமகளுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்பதையும் ஓரமாக நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், தொட்டில் கட்டாததற்குக் காரணம் தத்துவம் அன்று, சாவுதான் என்று மறுக்கக்கூடும். மறுப்பு வலுவானது. தமிழகத்துப் பழைய சாலையோரங்களில் இரண்டு செங்குத்துக் கற்களின் மேல் குறுக்கே ஒரு கல் கிடத்திய சுமைதாங்கிகளைக் காணலாம். வழிப்போக்கர் தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைப்பதற்கான அவற்றுள் பல, வயிற்றுச் சுமையை இறக்காமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நிறுத்தியவை. அக்கற்கள் நின்ற சாலை வழியே தாய்வீட்டுக்கு வண்டியில் சென்ற பெண்ணின் குடும்பம், திரும்பி வரும்போது ஆளில்லாத தொட்டில் ஒன்று வீட்டில் காத்திருக்கக்கூடாது என்று எண்ணியது முழுக்க இயல்பானது. தமிழ்நாட்டில் 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிறப்புக்குத் தாய் இறப்பு 54 என்ற அளவுக்குக் குறைந்துவிட்ட காலத்தில் அந்த அச்சத்தின் பெரும்பகுதி தேவையற்றதாகிவிட்டது. வழக்கமும் தளர்கிறது, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் பையில் குழந்தைக்குக் குல்லாவும் கையுறையும் முன்கூட்டியே ஏறிவிடுகின்றன. ஆனாலும் அச்சம் ஒரு வழக்கத்தைத் தோற்றுவித்தது என்பதால் அவ்வழக்கம் அச்சத்தை மட்டுமே பேசுகிறது என்று ஆகாது. வரலாம், வராமலும் போகலாம் என்ற நிலையில் உள்ளவரைத் தம் உடைமையாகப் பேசாதிருப்பதைச் சாவு கற்றுக்கொடுத்திருந்தாலும், கற்ற பாடம் சாவைக் கடந்தும் செல்லுபடியாகும்.

வரப்போகிறவர் யார் என்ற அறியாமையைக் காப்பதற்குப் புதிய காலம் எதிர்பாராத ஒரு காவலனைத் தந்திருக்கிறது: அது சட்டம். 1994இல் இயற்றப்பட்டு 2003இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி இந்தியாவில் ஸ்கேன் செய்பவர் கருவின் பாலினத்தைச் சொன்னால் அது குற்றம். அதன் நோக்கம் பெண்கருவைக் காப்பதே அன்றி மெய்யியல் அன்று. அது தேவைப்பட்ட வரலாறும் பெருமைக்குரியதன்று. பிறந்த பெண்குழந்தைகள் கொல்லப்படுவதைத் தடுக்க 1992இல் சேலத்தில் தமிழக அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை நினைத்தால் போதும்: வீடு கட்ட மறுத்த தொட்டிலை அரசு கட்டி வைக்க வேண்டியிருந்தது. பிள்ளைக்கு வழிவிடும் மரபு எவ்வளவு எளிதில் பிள்ளையைக் கைவிடும் மரபாகத் திரும்பிவிடும் என்பதற்கு அந்த வெறுந்தொட்டில்கள் சாட்சி. குழந்தையில்லாதவளையும் கணவனை இழந்தவளையும் வளைகாப்புக் கூடத்துக்கு வெளியே நிறுத்திய வழக்கமும் அதே வகையைச் சேர்ந்தது. அரசு அங்கன்வாடிகள் வழியாகச் சாதி மத வேறுபாடு இல்லாமல் நடத்தும் சமுதாய வளைகாப்பு அதில் ஒரு பகுதியையேனும் சரிசெய்கிறது.

மாறாக, அண்மைக் காலத்தில் பரவியுள்ள இன்னொரு பழக்கம் மரபின் பெயராலேயே மரபின் அடிப்படையைத் தகர்க்கிறது. அறுவைச் சிகிச்சையால்தான் பேறு என்று மருத்துவர் முடிவு செய்தபின், சோதிடரிடம் நாளும் நேரமும் குறித்து வாங்கி அந்த நாழிகையில் குழந்தையை எடுக்கச் சொல்வதே அது. முன்பு 27 நட்சத்திரங்களுக்கும் நான்கு பாதமாக 108 பாதங்களுக்கு முதலெழுத்துகள் வகுக்கப்பட்டிருந்ததால், சு, சே, சோ, லா என்பவை அசுவினிக்கு உரியவை என்பது போல, குழந்தை எந்நேரத்தில் வருகிறது என்று தெரியும்வரை பெயரின் முதல் எழுத்தைக்கூட வீட்டார் அறிய முடியாது. பெயர் குழந்தையோடு கூடவே வந்தது எனலாம். இன்றோ பெயரை முதலில் தேர்ந்து, அதற்கேற்ற நட்சத்திரத்தைத் தேடி, அதற்கேற்ற நாளைக் குறிக்க வழி பிறந்துவிட்டது. சாதகம் என்பது முன்வினையின் அறிக்கை மட்டுமே என்றால், அறிக்கையின் தேதியை மாற்றுவதால் வினை மாறாது. சாதகமே வாழ்வை ஆக்கும் காரணம் என்றால், உயிரின் வினையைத் தீர்மானிக்கும் அதிகாரம் நாள் குறித்த தந்தைக்கு வந்துவிடுகிறது, வினைக்கொள்கைக்கு அங்கே இடமில்லை. அந்த நேரம் குறிக்கப்பட்டதும் அக்குழந்தையின் வினையே என்று சோதிடர் விடை சொல்வதுண்டு. எதையும் விளக்கிவிடும் அவ்விடை எதையும் விளக்குவதில்லை. மக்களைத் தம் பொருள் என்று உலகம் சொல்வதைக் குறித்து, அவர் பொருளோ வினையால் வருவது என்று உடனே சேர்த்துச் சொல்லும் 63ஆம் குறளில், அந்த வினை மக்கள் பெற்றோரை நோக்கிச் செய்யும் நல்வினை என்று பரிமேலழகர் பொருள் கண்டார். அவரவர் வினை அவரவருக்கு என்று நேராகப் படிப்பதற்கும் குறளின் சொற்கள் இடம் தருகின்றன. நாள் குறித்துக் குழந்தை பெறும் காலத்தில் இந்த இரண்டாவது வாசிப்பே கூடுதல் தேவையுள்ளது.

தாயை முன்னிறுத்தும் ஆயத்தத்துக்குக் கோயில் வழக்கிலும் அடிப்படை உண்டு. தஞ்சை மாவட்டம் திருக்கருகாவூரில் முல்லைவனநாதரோடு உறையும் கருக்காத்த அம்மை, முனிவரின் சாபத்தால் கலைந்த வேதிகையின் கருவைக் குடத்தில் வைத்துக் காத்ததாகத் தலபுராணம் கூறும். அங்கு தரப்படும் விளக்கெண்ணெயைச் சூல்கொண்ட பெண்கள் வயிற்றில் தடவிக்கொள்கிறார்கள். இதைக் காட்டிலும் நுட்பமானது திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை. வணிகன் மனைவியான இரத்தினாவதிக்குப் பேறுகாலம் நெருங்க, பூம்புகாரிலிருந்து மருந்தும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு புறப்பட்ட தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே தங்கிவிட, சிவனே அத்தாயின் வடிவில் வந்து மகளுக்குப் பேறு பார்த்தான். குழந்தையைத் தருவதற்காகவோ, அதன் விதியை மாற்றுவதற்காகவோ இறைவன் அங்கு வரவில்லை. மகளின் இடுப்பைப் பிடித்துவிடவும் வெந்நீர் வைக்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது, அந்த வேலைக்காக வந்தான். சில நாள் கழித்து வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வாசலில் வந்து நின்றபோது வீட்டில் இரண்டு தாய்மார் இருந்தார்கள், பின்பு ஒருத்தி மறைந்தாள். நல்லபடி பேறு நடந்த வீட்டார் இன்றும் அச்சன்னிதியில் வாழைத்தார் செலுத்துகிறார்கள். பரவலாகச் சொல்லப்படும் இந்தக் கதையில் அன்று பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்பது பற்றிப் பேச்சே இல்லை.